பழைய லேத்தைப் பழுதுபார்த்து, தேய்ந்த கியர்களை மாற்றும் முழு வழிமுறை

பழைய லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) கைக்கு வந்ததும் புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் செய்வது இதுதான்: மூடியைத் திறப்பார்கள், தேய்ந்த கியரைப் பார்ப்பார்கள், பல்லை எண்ணி அதே எண்ணிக்கையில் இன்னொன்றை வாங்கி மாட்டிவிடுவார்கள். கொஞ்ச நாளில் அந்தப் புதுக் கியரும் பழையதைப் போலவே சத்தம் போடத் தொடங்கும்.

பெரும்பாலும் கியரைத் தேய்த்தது வேறொன்றாக இருக்கும். புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் உலோகக் குழாய்) தேய்ந்து ஷாஃப்ட் (கியர் ஏறியிருக்கும் தண்டு) ஆடியிருக்கும், எண்ணெய்த் துளை அடைத்திருக்கும், அல்லது லீவர் பாதியில் நின்று பல் முழுதாகச் சேராமல் ஓடியிருக்கும். அதனால்தான் இங்கே கியரை அளப்பது எட்டாவது படியாக வருகிறது. அதற்கு முன்னால் உள்ளவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

0.02 மி.மீ. வரை படிக்கும் வெர்னியர், ஒரு மைக்ரோமீட்டர், காந்த ஸ்டாண்டுடன் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) ஆகிய மூன்றும் கட்டாயம். இவற்றோடு ஒரு புல்லர் (இறுகிய கியரை இழுத்துக் கழற்றும் கருவி), பித்தளைத் தண்டு, மரச்சுத்தியல், பின் எனப்படும் ஊசிகளைத் தட்டி எடுக்கும் பஞ்ச் செட், ஒரு பெரிய தொட்டி, மண்ணெண்ணெய், பிரஷ்.

ஸ்பேனரும் ஆலன் கீயும் மில்லிமீட்டர், இன்ச் இரண்டு அளவிலும் வேண்டும். அரை இன்ச் என்பது 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பேனரைப் போட்டால் முதலில் பிடிப்பதுபோல் இருக்கும், பலமாகத் திருப்பினால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும். பழைய லேத்தில் ஒவ்வொரு போல்ட்டும் பிடித்துக்கொண்டுதான் இருக்கும், ஆகவே இது அடிக்கடி நடக்கிறது.

லேத்தின் மேல் ஒட்டியுள்ள கியர் அட்டவணைத் தகட்டை முதல் வேலையாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழுவும்போது அதன் எழுத்து அழிந்துபோவதுண்டு. பிற்பாடு எந்தக் கியருக்கு எத்தனை பல் என்று சொல்ல அந்த ஒரு தகடுதான் இருக்கும்.

2. மின்சாரமும் எடையும்

நிறுத்தும் பொத்தானை அழுத்துவது போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள், அல்லது மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுங்கள். கியர்களுக்குள் விரல் இருக்கும்போது யாரோ ஒருவர் சுவிட்சைத் தட்டினால் விரல் போய்விடும்.

லேத்தின் எடை ஹெட்ஸ்டாக் (கியர்களும் சுழலும் தண்டும் உள்ள பெட்டி) பக்கம்தான் குவிந்திருக்கும், அதுவும் உயரத்தில். நகர்த்தும்போது எளிதில் சாயும் வண்டி இது. கேரேஜையும் (வெட்டும் கருவியைச் சுமந்து நகரும் பகுதி) டெயில்ஸ்டாக்கையும் (மறுமுனையில் வேலைப்பொருளைத் தாங்கும் பகுதி) டெயில்ஸ்டாக் முனைக்குத் தள்ளிப் பூட்டிவிட்டுத்தான் தூக்க வேண்டும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

3. பிரிப்பதற்கு முன் ஓட்டிக் கேளுங்கள்

லேத் ஓடும் நிலையில் இருந்தால், பிரிக்கும் முன் அதைக் கேட்க வேண்டும். பிரித்துவிட்டால் அந்தத் தகவல் போய்விடும்.

எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். ஃபீடை (கேரேஜைத் தானாக நகர்த்தும் இணைப்பை) விடுவித்து ஹெட்ஸ்டாக் மட்டும் ஓடட்டும். அப்புறம் ஃபீடைச் சேருங்கள், பேக் கியரை (வேகத்தைக் குறைக்கும் துணைக் கியர்களை) போடுங்கள். எந்த லீவரைச் சேர்த்தபோது சத்தம் வந்தது என்று எழுதி வையுங்கள்.

ஒரு சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று கேட்டால் ஒரு பல் உடைந்திருக்கும், அல்லது பல்லிடுக்கில் பிசிறு சிக்கியிருக்கும். விடாமல் ஊளையிட்டால் இரண்டு கியருக்கும் இடையே உள்ள தூரம் சரியில்லை, அல்லது பேரிங் போய்விட்டது. சுமை ஏற்றும்போது மட்டும் கரகரவென்று வந்தால் ஷாஃப்ட் ஆடுகிறது என்று சந்தேகப்படுங்கள்.

பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, பெல்ட்டைக் கழற்றி, ஸ்பிண்டிலை (ஹெட்ஸ்டாக்கின் சுழலும் முதன்மைத் தண்டை) கையால் சுற்றுங்கள். ஒரே இடத்தில் இறுகினால் அந்த இடத்தில் சாக்பீஸ் குறி போடுங்கள்.

4. சக்கைக் கழற்றுதல்

சக் என்பது ஸ்பிண்டில் முனையில் வேலைப்பொருளைப் பிடிக்கும் பகுதி. அதைக் கழற்றுவதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் உண்டு. பழைய லேத்துகளின் பேக் கியரில் பல் உடைந்திருப்பதை நான் பார்த்தவற்றில் பல, இந்த ஒரு வேலையில் உடைந்தவை.

மரையில் இறுகிய சக்கைக் கழற்ற ஸ்பிண்டில் சுற்றாமல் நிற்க வேண்டும். அதற்காகப் புல் கியரின் (ஸ்பிண்டிலில் உள்ள பெரிய கியரின்) பூட்டு ஊசியைப் போட்டுக்கொண்டே பேக் கியரையும் சேர்த்துவிடுவார்கள். ஸ்பிண்டில் அசையாமல் நிற்பது உண்மைதான். ஆனால் அடுத்து சக்கில் ஒரு தண்டைப் பிடித்துச் சுத்தியலால் தட்டும்போது, அந்த அடி முழுவதும் ஒன்றிரண்டு வார்ப்பிரும்புப் பற்களின் மேல் விழும். வார்ப்பிரும்பு வளையாது, ஒடியும்.

அதற்குப் பதில் ஸ்பிண்டிலைப் பெல்ட் புல்லியில் பிடித்து நிறுத்துங்கள், அல்லது ஸ்பிண்டிலின் பின்முனையில் ஒரு கிளாம்ப் போடுங்கள். மரையில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். தட்டும் முன் பெட்டின் (கேரேஜ் நகரும் நீண்ட அடிப்பகுதியின்) மேல் ஒரு பலகை போட மறக்காதீர்கள். சக் விழுந்தால் பெட்டில் பள்ளம், நடுவில் கை இருந்தால் கை போகும்.

5. பிரித்தல்

வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில் போங்கள்: மூடி, சேஞ்ச் கியர்கள் (மரையின் அளவுக்கேற்ப மாற்றிப் போடும் கியர்கள்), அவற்றைத் தாங்கும் குவாட்ரன்ட், லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் நீண்ட மரைத்தண்டு), ஃபீட் கியர்பாக்ஸ், ஏப்ரன் (கேரேஜின் முன்புறப் பெட்டி), கடைசியாக ஹெட்ஸ்டாக். சிக்கல் சேஞ்ச் கியரில் மட்டும் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். நன்றாக இருக்கும் ஸ்பிண்டிலைக் ‘கழற்றித்தான் பார்ப்போமே’ என்று கழற்றாதீர்கள், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது தனி வேலை.

ஒவ்வொரு ஷாஃப்டிலிருந்தும் வருபவற்றை அதே வரிசையில், அதே பக்கம் பார்த்தபடி, ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். வாஷர், ஸ்பேசர் எதுவும் விடுபடக்கூடாது. ஒரு மெல்லிய வாஷர் இடம் மாறினாலே கியர் முழு அகலத்தில் சேராமல் போய்விடும்.

டேப்பர் பின்னை (ஒரு முனை சிறுத்த ஊசியை) எந்தப் பக்கமிருந்து தட்டுவது என்று கண்ணால் தெரியாது. இரண்டு முனைகளின் விட்டத்தையும் வெர்னியரில் அளந்து, சிறிய முனையிலிருந்து தட்டுங்கள். மில்லிமீட்டர் பின்னின் சரிவு 50க்கு 1, இன்ச் பின்னின் சரிவு 48க்கு 1. ஆகவே பின்னை மாற்றும்போது இரண்டையும் கலக்கக்கூடாது. பெரிய முனையிலிருந்து அடித்தால் பின் இன்னும் இறுகி, தலை விரிந்து, துளையிட்டு எடுக்கும்படி ஆகிவிடும்.

கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத ஸ்க்ரூவை) கழற்றியும் கியர் வரவில்லையா? துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் ஸ்க்ரூ அசையாமலிருக்க அதன்மேல் இன்னொன்றைப் போட்டிருப்பார்கள், நீங்கள் எடுத்தது மேலே உள்ளதாக இருக்கும். இதைப் பார்க்காமல் புல்லரைப் போட்டு இழுத்துக் கியரின் மையப் பகுதியை விரிசலாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பிண்டிலைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால் அதன் முனையில் சுத்தியலால் அடிக்காதீர்கள். நீண்ட மரைத்தண்டும் இரண்டு தடித்த தகடுகளும் வைத்து மெதுவாக இழுங்கள். பிளவு விட்டுச் செய்த வெண்கல பேரிங் உள்ள லேத்தில் மூடிகளின் கீழே உள்ள ஷிம் தகடுகளை முன்-பின், இடது-வலது என்று எழுதித் தனித்தனி உறைகளில் போடுங்கள். அந்த மெல்லிய தகடுகள்தான் பேரிங்கின் இடைவெளியைத் தீர்மானிப்பவை.

6. கழுவுதல்

மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போதும். பெட்ரோல் வேண்டாம், அதன் ஆவி ஒரு சிறு பொறியில் தீப்பிடிக்கும்.

ஒவ்வொரு எண்ணெய்த் துளையையும் கம்பி விட்டுத் திறந்து, எண்ணெய் ஊற்றி, அது மறுமுனையில் வருகிறதா என்று பாருங்கள். பழைய கிரீஸ் இறுகி மெழுகுபோல் அடைத்திருக்கும். எண்ணெய் வராத துளைக்கு நேராகத்தான் தேய்ந்த புஷ்ஷும் இருக்கும், அடுத்த படிக்கு இது பெரிய துப்பு.

பெட்டின் வழித்தடங்களில் உப்புத்தாளைப் போடாதீர்கள். பளபளப்பு வரும், துல்லியம் போகும்.

7. தேய்ந்த பல்லைப் படியுங்கள், ஷாஃப்டையும் புஷ்ஷையும் சரிசெய்யுங்கள்

பல்லின் தேய்மானம் அதன் காரணத்தைச் சொல்லும். நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

பல்லின் ஒரு முனையில் அதிகமும் மறுமுனையில் குறைவுமாகத் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் சாய்ந்து ஓடியிருக்கிறது. பல்லின் அகலத்தில் ஒரு பகுதி மட்டும் தேய்ந்து படி விழுந்திருந்தால் கியர் முழுதாகச் சேராமல் ஓடியிருக்கிறது. அப்படியானால் லீவரின் ஸ்பிரிங் குண்டையும், அது அமரும் குழியையும், கியரைத் தள்ளும் ஃபோர்க்கையும் பாருங்கள். எல்லாப் பல்லும் ஒரேபோல் கூர்மையாகி, உச்சியில் தட்டையான பகுதியே இல்லாமல் போயிருந்தால் அது எண்ணெய் இல்லாமல் நெடுங்காலம் ஓடியதன் விளைவு. பல்லின் முகத்தில் சிறு சிறு குழிகள் என்றால் உலோகம் களைத்துவிட்டது. அருகருகே இரண்டு மூன்று பல் மட்டும் உடைந்திருந்தால் அது ஒரு மோதல், மற்ற பற்கள் நன்றாகவே இருக்கும்.

அடுத்து ஆட்டம். ஷாஃப்டைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து, டயல் கேஜின் முள்ளை அதன்மேல் வைத்து, கையால் மேலும் கீழும் அசையுங்கள். 20 மி.மீ. ஷாஃப்டுக்கு நான் 0.02 முதல் 0.05 மி.மீ. வரை விடுவேன். 0.15, 0.2 என்று காட்டினால் புதுக் கியர் வாங்கியும் பயனில்லை.

ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் புதிதாகக் கடைந்துகொள்ளுங்கள். புஷ் தேய்ந்திருந்தால் வெண்கலத்தில் கடைந்து, 20, 25 மி.மீ. வெளிவிட்டத்துக்கு 0.02 முதல் 0.03 மி.மீ. அதிகம் வைத்து அழுத்தி ஏற்றுங்கள். ஏற்றியதும் உள்துளை சற்றுச் சுருங்கும். எனவே உள்துளையின் கடைசி அளவை ஏற்றிய பிறகுதான் ரீமரால் (துளையை நுட்பமாகச் சீவும் கருவியால்) கொண்டுவர வேண்டும். ஒரே ஷாஃப்டுக்கு இரண்டு புஷ் என்றால் இரண்டையும் ஒரே நேர்கோட்டில், ஒரே ஓட்டத்தில் ரீம் செய்யுங்கள்.

புஷ்ஷை ஏற்றிய பின் எண்ணெய்த் துளை போட மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. வெளியிலிருந்து பார்த்தால் எண்ணெய்க் கிண்ணம் அழகாக இருக்கும், உள்ளே ஒரு சொட்டும் போகாது.

8. கியரை அளந்து அடையாளம் காணுதல்

மூன்று விஷயம் தெரிய வேண்டும்: பல் எண்ணிக்கை, பல்லின் அளவு, அழுத்தக் கோணம் (பல்லின் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது). முதலாவதை எல்லோரும் எண்ணுவார்கள். மற்ற இரண்டில்தான் காசு வீணாகிறது.

பல்லின் அளவு மில்லிமீட்டர் முறையில் மாட்யூல், இன்ச் முறையில் டி.பி. எனப்படும் டயமெட்ரல் பிட்ச். 25.4ஐ டி.பி.யால் வகுத்தால் மாட்யூல் கிடைக்கும். கியரின் வெளிவிட்டத்தை, பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுத்தாலும் மாட்யூல் கிடைக்கும். 40 பல் கியரின் வெளிவிட்டம் 53.3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 53.3 ÷ 42 = 1.269. ஆக இது 1.27, அதாவது 20 டி.பி. இதை 1.25 மாட்யூல் என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் சேர்வதுபோலவே தெரியும், ஓட்டினால் அரைக்கும். 1.25 ஆக இருந்திருந்தால் வெளிவிட்டம் 52.5 தான் இருந்திருக்கும்.

பல் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் வெர்னியரை நேராக வைத்து அளக்காதீர்கள். ஒரு பல்லுக்கு எதிரே பள்ளம் வருவதால் அளவு குறைவாகக் காட்டும். துளையின் விளிம்பிலிருந்து பல்லின் உச்சி வரை அளந்து, துளையின் பாதி விட்டத்தைக் கூட்டி, அதை இரட்டிப்பாக்குங்கள்.

உச்சியே தேய்ந்த கியரில் வெளிவிட்டத்தை நம்ப முடியாது. இரண்டு ஷாஃப்டும் நிலையாக உள்ள இடத்தில் மையத்துக்கு மையம் தூரத்தை அளந்து சரிபாருங்கள். இரு கியரின் பற்களைக் கூட்டி, மாட்யூலால் பெருக்கி, 2ஆல் வகுத்தால் அந்தத் தூரம் வர வேண்டும். 40 பல்லும் 60 பல்லும் 20 டி.பி. என்றால் 63.5 மி.மீ., 1.25 மாட்யூல் என்றால் 62.5 மி.மீ. குவாட்ரன்டில் தூரத்தை நாமே மாற்றுவதால் அங்கே இந்தக் கணக்கு உதவாது.

அழுத்தக் கோணம் பழைய லேத்தில் 14.5 பாகையாக இருக்கலாம். இன்று பொதுவாகக் கிடைப்பவை 20 பாகை. இரண்டும் ஒன்றோடொன்று சேராது. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வெர்னியரின் தாடைகளால் 4 பற்களைச் சேர்த்துப் பிடித்து அளவு எடுங்கள், அப்புறம் 5 பற்களைச் சேர்த்து எடுங்கள். இரண்டின் வித்தியாசத்தைப் பாருங்கள். 40 பல் கியரில் அது இப்படி வரும்:

1.25 மாட்யூல், 20 பாகை: 3.69 மி.மீ.
20 டி.பி., 20 பாகை: 3.75 மி.மீ.
1.25 மாட்யூல், 14.5 பாகை: 3.80 மி.மீ.
20 டி.பி., 14.5 பாகை: 3.86 மி.மீ.

பல் ஒரேபோல் தேய்ந்திருந்தாலும் இந்த முறை ஓரளவு ஏமாற்றாது. இரண்டு அளவிலும் வெளி முகங்கள் இரண்டுதான், அவற்றின் தேய்மானம் கழிக்கும்போது போய்விடும். வித்தியாசங்கள் சிறியவை என்பதால் கியரைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். தட்டு வடிவ முனை கொண்ட மைக்ரோமீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

சேஞ்ச் கியர் செட்டில் அதிகம் பயன்படாத கியர் ஒன்று கட்டாயம் இருக்கும். தேய்ந்ததோடு போராடாமல் அதை அளந்தால், பல்லின் அளவும் கோணமும் தெளிவாகக் கிடைத்துவிடும்.

127 பல் கியர் ஒன்று இருந்தால் அதன் எண்ணிக்கையை மாற்றாதீர்கள். 25.4ஐ 5ஆல் பெருக்கினால் 127. இன்ச் லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரை சரியாக விழுவது அந்த எண்ணால்தான்.

9. வாங்குவதா, வெட்டுவதா, ஒட்டுவதா

உடைந்தது ஒன்றிரண்டு பல், கியரோ பெரிய வார்ப்பிரும்புப் புல் கியர் என்றால், ஒட்டிச் சரிசெய்யலாம். உடைந்த இடத்தில் புறாவின் வால்போல் அடி அகன்ற பள்ளம் வெட்டி, அதற்குப் பொருந்தும் இரும்புத் துண்டைப் பதித்து, ஸ்க்ரூ போட்டோ பித்தளைப் பற்று (பித்தளையை உருக்கி ஒட்டுவது) வைத்தோ நிறுத்தி, பிறகு பல்லின் வடிவத்துக்கு வெட்ட வேண்டும். மெதுவாகச் சுற்றும் கியருக்கு இது நெடுநாள் உழைக்கும்.

சொந்தமாக வெட்டுவதானால் முதலில் ஏமாற்றுவது கட்டர் எண். டி.பி. கட்டர்களில் 1ஆம் எண் 135 பல்லுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும், 8ஆம் எண் 12, 13 பல்லுக்கு. மாட்யூல் கட்டர்களில் பொதுவாக இது தலைகீழ். 45 பல்லுக்கு டி.பி. செட்டில் 3, மாட்யூல் செட்டில் 6. பெட்டியில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல் கட்டர்மேல் பொறித்துள்ள பல் வரம்பைப் படியுங்கள்.

40க்கு 1 டிவைடிங் ஹெட்டில் (கைப்பிடியை 40 முறை சுற்றினால் கியரை ஒரு சுற்று திருப்பும் கருவியில்) 45 பல்லுக்கு ஒவ்வொரு முறையும் 40/45 சுற்று, அதாவது 18 துளை வட்டத்தில் 16 இடைவெளி. கைப்பிடியின் ஊசி இப்போது நிற்கும் துளையையும் சேர்த்து 16 என்று எண்ணினால் ஒன்று குறைந்துவிடும். அதனால் முழு ஆழத்துக்கு வெட்டும் முன், ஒரு முழுச் சுற்றும் மெல்லிய கீறல் மட்டும் போட்டு எண்ணிப் பாருங்கள். கடைசிக் கீறல் முதல் கீறலின் மேலேயே விழ வேண்டும். 20 பாகைப் பல்லின் முழு ஆழம் மாட்யூலைப் போல் 2.25 மடங்கு.

பொருளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில லேத்துகளில் ஒரு கியரை வேண்டுமென்றே மென்மையாக வைத்திருப்பார்கள், மோதல் நடந்தால் அது போய் மற்றவை பிழைக்கும். அதைக் ‘கெட்டியாகப் போடுவோம்’ என்று கடின எஃகில் செய்தால் அடுத்த மோதலில் உள்ளே இருக்கும் விலையுயர்ந்த கியர் போகும். எதிலிருந்ததோ அதிலேயே செய்யுங்கள்.

ஜோடிக் கியரின் பல்லும் கூர்மையாகிவிட்டிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல்லின் வடிவம் புதுப் பல்லைத் தன் வடிவத்துக்கே அரைத்துவிடும். சாய்ந்த பல் கொண்ட ஹெலிக்கல் கியரில் சாய்வுக் கோணம், வலது-இடது திசை, மாட்யூல் கணக்கு எல்லாம் வேறு. அதைப் பழைய கியரோடும் ஜோடியோடும் சேர்த்துக் கியர் வெட்டுபவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

10. மாட்டுதலும் இடைவெளியும்

பிரித்ததற்கு எதிர் வரிசை. ஒவ்வொரு ஷாஃப்டும் ஏறியதும் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு இறுகினால் எது இறுக்குகிறது என்று தெரியாது.

சேஞ்ச் கியர்களின் பல்லிடைவெளிக்குச் சாதாரண எழுதும் தாளே போதும், அது ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன். ஒரு கீற்றை இரு கியருக்கும் நடுவே விட்டு, கியர்களை நெருக்கி, போல்ட்டை இறுக்கி, சுற்றி வெளியே எடுங்கள். தாள் மடிப்பு விழுந்து வர வேண்டும், கிழிந்து வரக்கூடாது. கியரின் துளை சற்று மையம் விலகியிருக்கலாம். ஆகவே நான்கு இடத்தில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் தாளை வைத்து அமையுங்கள்.

சத்தம் குறையும் என்று நெருக்கி வைப்பவர்கள் உண்டு. நெருக்கினால் ஊளை அதிகமாகும், புஷ்ஷும் சீக்கிரம் தேயும்.

11. எண்ணெய்

கையேடு சொல்வதைப் போடுங்கள். கையேடு இல்லையென்றால் பேரிங் வகையையும் வேகத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கியர்கள் எண்ணெயில் தோய்ந்து ஓடும் ஹெட்ஸ்டாக்குக்கு ஐ.எஸ்.ஓ. வி.ஜி. (எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) 32 முதல் 68 வரையுள்ள எண்ணெயும், பெட்டின் வழித்தடத்துக்கு 68 வழித்தட எண்ணெயும் வழக்கம்.

வண்டி இன்ஜின் எண்ணெய் வேண்டாம். அதில் உள்ள கழுவும் பொருள் அழுக்கை மிதக்க வைக்கும். வண்டியில் ஃபில்டர் அதைப் பிடித்துவிடும். ஃபில்டர் இல்லாத ஹெட்ஸ்டாக்கில் அழுக்கு அடியில் படிவதுதான் நல்லது.

வெளியே தெரியும் சேஞ்ச் கியர்களில் கெட்டிக் கிரீஸை அப்பாதீர்கள். பறக்கும் பிசிறெல்லாம் அதில் ஒட்டி, கிரீஸே அரைக்கும் பசையாகிவிடும்.

12. ஓட்டிச் சரிபார்த்தல்

முதலில் கையால் பத்து முழுச் சுற்று. பல்லில் மெல்லியதாக மார்க்கிங் நீலம் (எங்கே தொடுகிறது என்று காட்டும் சாயம்) பூசி, ஜோடியில் எங்கே பதிகிறது என்று பாருங்கள். பல்லின் அகலத்தில் நடுவை ஒட்டி நீளமாகப் பதிந்தால் நல்லது. ஒரு முனையில் மட்டும் பதிந்தால் ஷாஃப்ட் இன்னும் சாய்ந்திருக்கிறது, ஏழாவது படிக்குத் திரும்புங்கள்.

பிறகு மிகக் குறைந்த வேகத்தில் அரை மணி நேரம், சுமை இல்லாமல். ஸ்பிண்டில் பேரிங் உள்ள இடத்தைத் தொட்டுக்கொண்டே இருங்கள். கை வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்திவிட்டு இடைவெளியைப் பாருங்கள். சில மணி நேரம் ஓடியதும் எண்ணெயை வடித்து மாற்றுங்கள், கழுவும்போது தப்பிய அழுக்கும் புதுப் பல்லின் பிசிறும் அதில் வந்துவிடும்.

மரை சரியாக விழுகிறதா என்பது அடுத்தது. 1.5 மி.மீ. மரைக்கு அமைத்து, ஒரு தண்டில் மெல்லிய கீறல் மட்டும் போடுங்கள். 20 சுற்றுக்கு 30 மி.மீ. வர வேண்டும். வரவில்லையென்றால் ஏதோ ஒரு கியரின் பல் எண்ணிக்கை தவறு, அல்லது மாட்டிய இடம் தவறு.

கடைசியாக, டெயில்ஸ்டாக் உதவியில்லாமல் சக்கில் ஒரு தடித்த தண்டைப் பிடித்து, சக்கின் அருகே ஒரு வளையமும் 150 மி.மீ. தள்ளி இன்னொரு வளையமுமாக ஒரே ஆழத்தில் மெல்லிய வெட்டு போட்டு இரண்டின் விட்டத்தையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் உடனே ஹெட்ஸ்டாக்கைத் தளர்த்த வேண்டாம். நகர்த்தி வைத்த லேத்தில் பெட் முறுக்கியிருப்பதே பெரும்பாலும் காரணம். துல்லியமான லெவலை (மட்டம் பார்க்கும் கருவியை) பெட்டின் இரு முனையிலும் குறுக்காக வைத்து, கால் போல்ட்டுகளைச் சிறிது சிறிதாகத் திருகிச் சமன்செய்துவிட்டு மறுபடியும் அதே வெட்டைப் போட்டுப் பாருங்கள்.